நான் போகாத இடங்களுக்குப் போனவர்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் உன் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை படித்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டுக்குக் காபி குடிக்க வந்திருந்தார்கள். "நர்ஸ் வேலைக்குப் போகணும்னு உனக்கு எப்படிமா தோணுச்சு?" என்று சம்மந்தியம்மா உன்னைக் கேட்டார். நீ என்னைக் காட்டிச் சொன்னாய். "எனக்கு ஒம்போது வயசுல டெங்கு வந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இருந்தேன் ஆன்ட்டி. பிளேட்லெட் ரொம்ப எறங்கிப்போன அன்னிக்கி அப்பா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என் கையப் புடிச்சிக்கினு பக்கத்துலயே இருந்தாரு. அவரு கையில மோட்டாருக்குப் பூசற வார்னிஷ் வாசனை. பயம் வர்றப்ப எல்லாம் அந்தக் கைய மோந்துப்பேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அப்பா கண் கலங்கிவிட்டார் என்று நீ நினைத்திருப்பாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் எழுந்து போனேன்.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை.

உன் அம்மா ராத்திரி முழுக்க உன்னோடு விழித்திருந்துவிட்டு, பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் காலையில் வீட்டுக்கு வந்தாள். "நீ தூங்கு, பத்து மணிக்கெல்லாம் நான் பாப்பாகிட்ட இருப்பேன்" என்று சொல்லித்தான் கிளம்பினேன். வழியில் கோயிலில் வண்டியை நிறுத்தினேன். மறுநாள் திருவிழாக் கொடியேற்றம். மணிக்கூண்டுக்கு சீரியல் லைட் கட்டுவது வருஷா வருஷம் என் வேலை. கொஞ்ச நேரம் கட்டிவிட்டுப் போகலாம் என்று ஏணியில் ஏறினேன். சாமியார் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும், இந்தக் கோயில் எங்கேயோ போயிடும்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. மதியம் ஆயிற்று, நான் இறங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உன் கையில் ஊசி குத்தி வைத்திருந்ததையும் உன் உதடு வெளுத்துக் கிடந்ததையும் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆண்டவர் வேலையைத்தானே செய்கிறோம், பிள்ளையை அவர் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரு வரிசை என்று பல்பு கட்டிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம், "நாள் பூரா பாப்பா கூடதான் இருந்தேன். இப்ப பரவால்ல" என்று பொய் சொன்னேன். நீ பிழைத்து வந்துவிட்டாய். அந்தப் பொய்யும் என்னோடு பதினெட்டு வருஷம் பிழைத்துக் கிடந்தது. நீ என்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. உனக்கு அது தனியாகச் சொல்லவேண்டாத விஷயமாக இருந்திருக்கும் போல.

காய்ச்சலில் ஏதோ கனவு கண்டிருப்பாய் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் போன ஞாயிறு மாலை விருந்தாளிகள் போன பிறகு, உன் அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் தாங்காது என்று அவள் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கி எனக்குத் தூக்கம் வரல. கஞ்சி வெச்சி எடுத்துக்கினு மத்தியானமே பஸ் ஏறிட்டேன். வார்டு வாசல்ல இருந்து பாக்கறேன், நீங்க புள்ள கையப் புடிச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கீங்க. முதுகு மட்டும்தான் தெரிஞ்சிது. ஆனா ஒங்க முதுகு எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் அப்படியே இருக்கட்டும்னு கஞ்சிய ஆயாம்மாகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். திரும்பி வர்றப்ப பஸ்ஸு கோயில் கிட்ட நின்னுது. ஏணி மேல நீங்க நின்னுக்கினு இருந்தீங்க. பல்பு கட்டிக்கினு."

"அப்ப ஏன் என்னைக் கேக்கல?"

"சாயங்காலம் வந்து நாள் பூரா பாப்பா கூட இருந்தேன்னீங்க. பொய்யின்னு எப்படிச் சொல்லுவேன்? கண்ணால பாத்தேனே." கையில் இருந்த துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "கேட்டா, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் போயிடுவாங்களோன்னு பயமா இருந்துது. எந்த ஆளு போவாருன்னு தெரியல."

பதினெட்டு வருஷம் அவள் இந்தப் பயத்தோடு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நீ இனி ஒருவரோடு வாழப் போகிறாய். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். செய்யாததைச் செய்தேன் என்று அவரிடம் சொல்லாதே. பொய் சொல்கிறவன் மாட்டிக்கொள்வதோடு முடிந்துபோனால் நல்லது. மாட்டிக்கொள்ளாமலே போனால், பக்கத்தில் படுத்திருப்பவர் யாரென்று தெரியாமல் இன்னொருவர் விழித்துக் கிடக்க வேண்டியிருக்கும். அந்த நாளுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்டால் நீ, "விடுப்பா" என்று சொல்லிவிடுவாய் என்றுதான் எழுதிக் கேட்கிறேன்.

ஆனால் உன் அம்மா சொன்னதைக் கேட்டு நான் ஏன் சிரிக்கவில்லை, ஏன் மறுக்கவில்லை என்று நீ கேட்பாய். என்னைப் போலவே இருக்கும் ஒருவரைப் பற்றி நான் அதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன். இனி எழுதப் போவதை ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் உன் அம்மாவுக்குச் சொன்னேன். இப்போது உனக்கு.

ஆறு வருஷத்துக்கு முன்பு நீ சென்னையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாய். நம் தெருவில் இருக்கும் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்தில், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தார்கள். எந்த மதம் என்று பார்க்கவில்லை. புதன்கிழமையும் சனிக்கிழமையும் எனக்கு வந்தது பிள்ளையார்பாளையத்தில் தணிகாசலம் வீடு. பட்டு நெய்கிற குடும்பம். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோய்க் கட்டிலோடு இருந்தார். மனைவி இல்லை. மகன் பெங்களூரில். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். முதல் நாளே கேரியரைத் திறந்து பார்த்துவிட்டு, "யார் ஊட்டு சோறு இது? காலனி ஊட்டுதா?" என்று கேட்டார். நான் தட்டை வைத்தேன். பசியில் சாப்பிட்டுவிட்டு, "ஏதோ விதி" என்றார். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று. வெளியே நின்று கொடு என்பார், தண்ணீர்ச் சொம்பைத் தொடாதே என்பார். நான் தட்டை வைப்பேன், திரும்பி நடப்பேன். அன்பியக் கூட்டத்தில் எல்லோரும் என் பொறுமையைப் பாராட்டுவார்கள். உள்ளே எனக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை அவர் தட்டையே தள்ளிவிட்டார். குழம்பு என் சட்டையில் கொட்டியது. சொல்லக் கூடாத ஒரு வார்த்தையும் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில் மோட்டாருக்குப் புதுசாகக் கம்பிச் சுருள் கட்டி மாட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்துவிட்டது. சாப்பாட்டுக் கேரியர் வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளம்பியிருந்தால் ஒரு மணிக்கு அவர் வீட்டில் இருந்திருப்பேன். மில்காரர், "பிரியாணி வந்துக்கினு இருக்குது, சாப்ட்டுப் போங்க" என்றார். உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்துத் திரும்பும்போது பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி, கேரியரில் இருந்த சோற்றையும் புளிக்குழம்பையும் வாழைக்காய்ப் பொரியலையும் மணலில் கொட்டினேன். கேரியரைக் கழுவுகிற நேரம் முழுக்கப் பார்த்தேன், ஒரு காக்கைகூடக் கீழே இறங்கவில்லை. நல்ல வெயில். எங்கும் சத்தமே இல்லை. அன்று மாலை அன்பியத்தில், "குடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

மறுநாள் மனசு கேட்கவில்லை. என் முறை இல்லாவிட்டாலும் போனேன். உள்ளே நுழைந்ததும் தணிகாசலம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"வா மெக்கானிக்கு. இன்னிக்குமா வந்த?"

"நேத்து..." என்று ஆரம்பித்தேன்.

"நேத்து நீ மட்டும் வரலன்னா இந்நேரம் என்னை எடுத்துட்டு இருப்பாங்கய்யா. சோறு வந்துடும்னு சக்கர ஊசியப் போட்டுக்கினேன். கண்ணு இருட்டிக்கினு வந்துது. நீதான வாயில சக்கரையப் போட்ட?"

நீ நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். எனக்கு அவர் ஊசி போட்டுக்கொள்வதே அன்றுதான் தெரிந்தது. சர்க்கரை இறங்கிய மயக்கத்தில் உளறுகிறார் என்று எண்ணி, "என்ன சாப்ட்டீங்க நேத்து?" என்று கேட்டேன்.

"நீ கொண்டாந்ததுதான். புளிக்கொழம்பு, வாழக்கா. நீயும்தான ஒக்காந்து கூட சாப்ட்ட. எல்லாம் மறந்துட்டியா?"

கட்டிலுக்கு அடியில் தட்டுகள் இரண்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். மாதக்கணக்கில் வளர்ந்து அழுக்கேறிக் கிடந்த நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. ஜன்னலில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். வெட்டிய நகத் துண்டுகள். அந்தக் காகிதம் நம் கடை பில் புத்தகத்தில் இருந்து கிழித்தது. எதிர் வீட்டுக் கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து பட்டு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், நேற்று இங்கே யாராவது வந்தார்களா என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாண்ணா கேக்கறீங்க? நீங்கதான வந்தீங்க. ஒரு மணி இருக்கும். நான்கூட கூப்ட்டேன், நீங்க திரும்பிப் பாக்கல. ஏதோ கோவம்னு விட்டுட்டேன்."

"நான் எப்ப திரும்பிப் போனேன்?"

அவள் யோசித்தாள். "போனத நான் பாக்கலண்ணா. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் ஒக்காந்துக்கினு இருந்தேன்" என்றாள்.

அடுத்த இரண்டு நாள் எனக்குக் கண்ணாடி பார்க்கப் பயம். சவரம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், மணலில் கொட்டிய சோற்றில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்தச் சாமியார் சின்ன வயசுக்காரர். "அது யாருன்னு எனக்குத் தெரியலைங்க. சம்மனசா, ஆண்டவர் அனுப்பின தூதரா இருக்கலாம், வேற ஏதாவதா இருக்கலாம். அதத் தேடிக்கிட்டுப் போகாதீங்க. நீங்க போகாம இருந்தீங்க, அதுக்கு மனசு வருந்துங்க" என்றார். பிறகு எனக்குக் கொடுத்த அபராதம் இதுதான்: இனி தட்டை வைத்துவிட்டுத் திரும்பக் கூடாது, அவரோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும்.

பாப்பா, நான் பக்தியினால் மாறினேன் என்று எண்ணிவிடாதே. பயத்தினால்தான் போனேன். நான் போகாவிட்டால் என் உருவத்தில் அவர் போய் நிற்பார் என்ற பயம். அதைவிடக் கேவலம், எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. முதல் நாள் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது தணிகாசலம் முகத்தைச் சுளித்து, "அன்னிக்கி வந்த மாதிரி இல்லையே நீ. அன்னிக்கி நல்லா பேசினியே" என்றார். என்ன பேசினேன் என்று நான் கேட்க, அவர் சொல்ல, அடுத்த முறை அதையே நான் பேசிப் பார்ப்பேன். வெந்நீர் வைத்து நான் கால் கழுவிவிட்டதாகச் சொன்னார். கழுவினேன். தலை வாரிவிட்டதாகச் சொன்னார். வாரினேன். என்னைப் போலவே இருந்த ஒருவரைப் போல ஆக நான் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். ஜெபமாலை சொல்லும்போதுகூட எனக்குக் கிடைக்காத ஒரு அமைதி, அவர் காலில் இருந்த அழுக்கைத் தேய்க்கும்போது ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் வந்து போகும்.

சில மாதம் கழித்து மறுபடியும் சறுக்கினேன். ஒரு புதன்கிழமை, கடையில் ஒருவரோடு சண்டை, மனசு சரியில்லை. அரை மணி போகட்டும், ஒரு மணி போகட்டும் என்று இழுத்து இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டு வேளை என்பதால் தெருவில் எந்த வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. தணிகாசலம் வீட்டுக் கதவில் கை வைத்தபோது உள்ளே ஒரு குரல் கேட்டது. நிதானமாக, அக்கறையாகப் பேசிக்கொண்டிருந்தது. என் குரல். "எம்பொண்ணு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் நாள் பூரா பக்கத்துலயே இருந்தேங்க. கைய விடவே இல்ல" என்றது.

என் பழைய பொய்யை எடுத்து என்னையே குத்திக் காட்டுகிறது என்றுதான் அன்று நினைத்தேன். ஓடிவிடலாம் என்று ஒரு காலைப் பின்னால் வைத்தேன். கையில் கேரியர் சுட்டது. உள்ளே கட்டிலில் கிடப்பவர் பசியோடு இருப்பார் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்தது. பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் தள்ளினேன். தணிகாசலம் மட்டும் இருந்தார்.

"இப்பதான வெளிய போன, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார்.

கட்டிலை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த சூடு இருந்தது. அந்தச் சூட்டின் மேலேயே உட்கார்ந்து, அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன். அந்தக் குரல் பொய் சொல்லவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை நீ பேசிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு நான் தாமதித்ததில்லை. வார்டில் உன்னைத் திட்டுகிற நோயாளி இருப்பார், உன் கை பட்டால் முகம் சுளிப்பவர் இருப்பார். மனசு வந்த பிறகு போகலாம் என்று நிற்காதே. எனக்கு மனசு எப்போதும் வாசலைத் தாண்டிய பிறகுதான் வந்தது, சில நாள் வரவே இல்லை. கோயில் வேலையைச் சாக்காக வைத்து வீட்டு ஆளை விட்டுவிடாதே. கொடுப்பதென்றால் வைத்துவிட்டுத் திரும்பாதே, கொஞ்ச நேரம் உட்கார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பரிசுத்தம் என்றால் என்ன என்று சாமியார்கள் நன்றாகச் சொல்வார்கள்.

தணிகாசலம் இரண்டு வருஷத்துக்கு முன்பு போனார். அவர் போன விதத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நாலு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டோம். கடைசி வரை வாய் மட்டும் குறையவில்லை, ஆனால் யார் வீட்டுச் சோறு என்ற கேள்வி எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கஸ்தூரி போன் செய்தாள். "மூச்சு ஒரு மாதிரி இருக்குதுண்ணா. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்." என் முறை நாள் இல்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன்.

கட்டிலுக்கு வலது பக்கம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கட்டிலின் இடது பக்கம் பார்த்தார். அங்கே நாற்காலி காலியாகக் கிடந்தது. மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்களா" என்றார். குரலில் ஆச்சரியம் இல்லை. ஒரு நிம்மதிதான் இருந்தது.

நான் தலையாட்டினேன். அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருடைய சாமி படத்துக்குக் கஸ்தூரி ஏற்றி வைத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் மனசுக்குள் மாதாவை நினைத்து அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வார்னிஷ் வாசனை அடித்தது. அன்று காலை நான் கடையில் வார்னிஷைத் தொடவே இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது.

பக்கவாதம் வந்தவர்களின் கை எப்படி இறுகிப்போகும் என்று நீ பார்த்திருப்பாய். அவருடைய இடது கை எப்போதும் மூடிய முஷ்டிதான். எண்ணெய் தடவி, விரல் விரலாகப் பிரித்தால்தான் உள்ளங்கையைக் கழுவ முடியும். அன்று அந்தக் கை திறந்திருந்தது. விரல்கள் லேசாக மடிந்து, இன்னொரு கையைப் பிடித்திருப்பது போல, நடுவில் ஒரு கை அளவு இடம் விட்டு இருந்தன.

கஸ்தூரி அழ ஆரம்பித்தாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குக் கீழே வேறு ஒன்று தெரிந்தது. அதுவரை என் உருவத்தில் வந்தவர் நான் இல்லாத இடத்துக்குத்தான் வந்தார். நான் விட்டுவிட்டு ஓடியதை எடுத்துச் செய்தார். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன், அப்படியும் வந்தார். ஒரு கையை நானும் ஒரு கையை அவருமாகப் பிடித்திருந்தோம்.

பெங்களூரில் இருந்து மகன் வந்து சேர்ந்த பிறகு கிளம்பினேன். அந்த வீட்டு வாசல் குறுகலானது, இரண்டு பேர் ஒன்றாகத் தாண்ட முடியாது. நான் சுவரோரம் ஒதுங்கி, என்னோடு கை பிடித்திருந்தவர் முன்னால் போகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெயிலில் இறங்கி நடந்தேன்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும்.

உன் அப்பா